கலந்துவிட்டால் செலவுதான்: சென்னையின் குப்பையும் சாக்கடையும்

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. இத்தனையையும் அன்றன்றைக்கே அள்ளிவிடுவது சாதாரண வேலை இல்லை. ஆனாலும் அள்ளுகிறார்கள். அள்ளுவதில் இந்த ஊருக்குப் பெரிய குறை சொல்ல முடியாது. அள்ளிய சரக்கு எந்த நிலையில் கிடங்கு போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

நகரத்தில் மாசுக் கட்டுப்பாடு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரிய இயந்திரம், சுத்திகரிப்பு நிலையம், கோடிக்கணக்கில் ஒப்பந்தம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிட வேண்டும். சோற்றுக் கழிவு பிளாஸ்டிக்கோடு கலக்கக் கூடாது, சாக்கடை மழைநீரோடு கலக்கக் கூடாது, வீடு இடித்த செங்கல் தெருக்குப்பையோடு கலக்கக் கூடாது. கலந்த பிறகு பிரிக்க வழி உண்டு. ஆனால் செலவு பல மடங்கு, கிடைக்கும் பலன் பாதிதான்.

யார் பொறுப்பு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். இதில்தான் முக்கால்வாசிப் புகார்கள் வழி தவறிப் போகின்றன. குப்பை, தெரு, மழைநீர் வடிகால் மூன்றும் மாநகராட்சி. பாதாளச் சாக்கடை 1978-இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்பது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் காப்புக்காட்டுப் பகுதி வனத்துறை. ஆலைப் புகை, ஆலைக் கழிவுநீர் ஆகியவற்றுக்கு அனுமதி கொடுப்பதும் கண்காணிப்பதும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இது மாநில அமைப்பு. மாநகராட்சியின் கீழ் வராது. தேவைப்பட்டால் மாநகராட்சிக்கே நோட்டீஸ் அனுப்பும் இடத்தில் இருக்கிறது. ஆக, ஒரு வீட்டுக் கழிவறையிலிருந்து தப்பி வடிகாலில் இறங்கிய சாக்கடை ஆற்றைத் தொடுவதற்குள் மூன்று அலுவலகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட இடம் தாராளமாக உண்டு.

குப்பைக்கு வருவோம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு (பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து, பாட்டரி, காலாவதியான மாத்திரை). பேட்டரி வண்டியில் பச்சையும் நீலமுமாகக் கூடைகள் வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் வீட்டில் பிரித்துக் கொடுத்தும் சங்கிலி அறுந்துபோகும் இடங்கள் உண்டு. நீலக் கூடை நிரம்பிவிட்டால் மிச்சம் பச்சையில் போகும். பேட்டரி வண்டியிலிருந்து காம்பாக்டர் லாரிக்கு மாற்றும்போது இரண்டையும் ஒரே வாயில் கொட்டினால் அதோடு போச்சு. காம்பாக்டரின் வேலையே அழுத்துவது. அழுத்தினால் தக்காளியும் சாம்பாரும் பிழியப்பட்டு, பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் அதைக் குடித்துவிடும். காயலான் கடையில் காசாகியிருக்க வேண்டிய அட்டை அந்த நொடியில் குப்பையாகிறது. லாரியின் பின்பக்கம் வழிநெடுக ஒழுகும் கறுப்புத் தண்ணீர் வேறொன்றுமில்லை, பிழியப்பட்ட சமையலறை.

அதனால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுவதற்கு முன், அந்த வார்டின் வண்டிகள் எங்கே எப்படிக் கொட்டுகின்றன என்று பார்ப்பதுதான் நியாயம். பிரித்துக் கொடுத்த குப்பை கண்ணெதிரிலேயே ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்த்தவர் மறுநாளிலிருந்து பிரிக்க மாட்டார். எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தினாலும் அவரை மீட்க முடியாது.

மக்கும் குப்பையின் ஒரு பகுதி வார்டு அளவிலுள்ள நுண் உரக் கூடங்களுக்குப் போகிறது. இங்கே நடப்பது எளிய வேலைதான், ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். உரமாக்கும் நுண்ணுயிருக்குக் கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். காய்கறித் தோலிலும் சோற்றிலும் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம், கரிமம் குறைவு. அதை ஈடுகட்டக் காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, மரத்தூள் சேர்க்க வேண்டும். ஈரம் 50 முதல் 60 சதவீதம். மீட்டர் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தால் போதும்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி, ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. சரியாக அடுக்கியிருந்தால் இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுவில் 55 டிகிரி தாண்டும். அந்தச் சூடு குறைந்தது மூன்று நாள் நின்றால்தான் கிருமியும் களை விதையும் சாகும். பிறகு வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், ஒன்றரை மாதத்தில் சலித்து எடுக்கலாம். ஒரு டன் ஈரக் குப்பைக்கு 150 முதல் 200 கிலோ உரம் கிடைத்தால் நல்ல கூடம்.

நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டார் கூடத்தைப் பூட்டச் சொல்லிப் போராடுவது வாடிக்கை. புளித்த நாற்றமோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் காற்று போகவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலை சேர்த்துக் கிளற வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா வந்தால் நைட்ரஜன் மிகுதி. அதற்கும் மருந்து காய்ந்த இலைதான். சென்னையில் காய்ந்த இலைக்குப் பஞ்சமா? தெரு பெருக்குகிறவர்கள் குவிக்கும் இலையைத் தனியாக மூட்டை கட்டி உரக்கூடத்துக்கு அனுப்பினால் பாதிக் கூடங்களின் நாற்றம் நின்றுவிடும். ஆனால் அந்த இலை மண்ணோடும் பான்பராக் உறையோடும் சேர்த்து வாரப்படுகிறது. மறுபடியும் கலப்பு.

நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஓட்டல், கல்யாண மண்டபம், பெரிய குடியிருப்பு ஆகியவற்றை 2016 விதிகள் தனி வகையாக வைத்திருந்தன. அவர்கள் முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே மக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென ஆள் வைத்து அனுப்ப வேண்டும். ஓட்டல், சந்தைக் கழிவுக்குச் சேத்துப்பட்டில் நாளைக்கு 100 டன் வாங்கும் உயிரி எரிவாயு ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைக்குச் சோறு போடுவதிலும் பக்குவம் வேண்டும். தேங்காய் ஓடு, முட்டைத் தோடு, எலும்பு, மணல் எல்லாம் அடியில் தங்கிக் கொள்ளளவைத் தின்றுவிடும். ஸ்பூனும் பிளாஸ்டிக் பையும் அரைப்பானை நிறுத்தும். திடீரென்று ஒரே நாளில் அதிகம் கொட்டினால் அமிலம் ஏறி, பி.எச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 6-க்குக் கீழே இறங்கும். மீத்தேன் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அது ஆகாது. வாயு குறைகிறதே என்று பதறி இன்னும் கொஞ்சம் சோறு போடுவதுதான் அங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. ஊட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இத்தனையையும் தாண்டிக் கலந்து வருவது வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போகிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சதுப்பு 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல பத்தாண்டுகளாகக் கொட்டிய பழைய குப்பையைத் தோண்டி எடுக்கும் பயோமைனிங் பெருங்குடியில் சுமார் 225 ஏக்கரில் 350 கோடி ரூபாய்த் திட்டம். கொடுங்கையூரில் 66 லட்சம் டன்னுக்கு 640 கோடி ரூபாய்த் திட்டம். முன்பு பிரிக்காமல் விட்டதற்கான பில் இது.

பயோமைனிங் எப்படி நடக்கிறது? முதலில் ட்ரோன் வைத்து மேட்டின் கன அளவை அளக்கிறார்கள். பொக்லைன் மேலிருந்து அடுக்கடுக்காகச் சுரண்டி, இரண்டு இரண்டரை மீட்டர் உயர நீளக் குவியல்களாகப் போடும். அதன்மேல் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டி, மூன்று நான்கு வாரம் காய விடுகிறார்கள். அழுகல் அடங்கி, எடையும் ஈரமும் குறையும். பிறகு டிராமல் என்னும் சுழலும் ராட்சத சல்லடை. முதலில் பெரிய கண், அடுத்து 35 மில்லிமீட்டர் அளவில், கடைசியில் 4 முதல் 6 மில்லிமீட்டர். மேலே தங்குவது பிளாஸ்டிக், துணி, கட்டை; நடுவில் கல், செங்கல், கண்ணாடி; கீழே விழுவது மண். காற்றடித்து இலேசானதைத் தனியாகப் பறக்கவிட்டுப் பிடிக்கும் இயந்திரமும் உண்டு.

வேலையைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று ஈரம். குப்பை நனைந்திருந்தால் மண் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். டிராமல் சுழலும், ஒன்றும் விழாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊரில், ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் ஓட்டலாம் என்று போட்ட கால அட்டவணை வெறும் காகிதம். மழை மாதங்களைக் கழித்துவிட்டுத்தான் கெடு வைக்க வேண்டும். மற்றது துணி. பழைய புடவையும் தையல்கடை வெட்டுத்துணியும் கயிறும் டிராமலின் அச்சிலும் கன்வேயர் உருளையிலும் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். விளக்கக் காணொலிகளில் இந்த வேலையைக் காட்டவே மாட்டார்கள்.

பிரித்த பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. எரியக்கூடிய பகுதி, அதாவது ஆர்.டி.எஃப்., அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம். சரக்கு எடை குறைவு, இடம் அதிகம். கட்டுக்கட்டாக அழுத்தி ஏற்றாவிட்டால் லாரி காற்றைச் சுமந்து போகும். ஆலைக்குக் குறைந்தது கிலோவுக்கு 3,000 கிலோகலோரி வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குள், குளோரின் 1 சதவீதத்துக்குள். பி.வி.சி. குழாயும் ரெக்ஸினும் கலந்தால் குளோரின் ஏறி, சூளையின் மேல்பகுதியில் உப்பாகப் படிந்து அடைக்கும். ஆலை லாரியைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே விழுந்த மண்ணைத் தாழ்வான இடம் நிரப்ப எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் காய்கறித் தோட்டத்துக்குப் போடலாமா என்று கேட்டால், கன உலோகப் பரிசோதனைச் சான்று பார்க்காமல் வேண்டாம் என்பதே என் பதில். அதில் பாட்டரியும் குழல்விளக்கும் எத்தனை ஆண்டு ஊறியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

கிடங்கு எரிவதும் கலப்பின் விளைவுதான். ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடுகிறது, உள்ளே சூடு ஏறுகிறது, பக்கத்திலேயே பிளாஸ்டிக் விறகாகக் காத்திருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடியில் பிடித்த தீ சில நாள் எரிந்தது. இந்தத் தீ மேலே இல்லை, அடியில் புகையும். மேலிருந்து தண்ணீர் அடித்தால் ஓடி வழிந்துவிடும். தீப்பிடித்த பகுதியைச் சுற்றி அகழி வெட்டித் தனிமைப்படுத்தி, பொக்லைனால் பிரித்துப் பரப்பி, நனைத்து, மண் போட்டு மூடுவதுதான் முறை. இதற்காகவே கோடையில் மண் குவியலும் தண்ணீர் லாரியும் கிடங்கிலேயே தயாராக இருக்க வேண்டும்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனை கொடுங்கையூரில் திரும்பத் திரும்ப வருகிறது. வடசென்னை மக்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே அனல்மின் நிலையமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அவர்கள் வாசலில்தான். அரசியலை விட்டுவிட்டு வெறும் இயற்பியலாகப் பார்த்தாலும், பாதிக்குப் பாதி ஈரமான குப்பை தானே எரியாது. முதலில் அதன் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்ட வேண்டும். வீட்டில் பிரித்துவிட்டால் எரிக்கத் தகுந்தது மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். ஆலைக்கோ தினமும் இவ்வளவு டன் தருகிறேன் என்று நீண்ட கால உறுதி கொடுத்தாக வேண்டும். பிரிப்பதற்கு எதிராக இதைவிட நல்ல ஊக்கத்தொகை கிடைக்காது.

சாக்கடைக் கதை இதே கதையின் மறுபக்கம். சென்னையில் பாதாளச் சாக்கடைக் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனி. ஒன்று உந்து நிலையம் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. மற்றது நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும். கோட்பாட்டளவில் அருமை. நடைமுறையில் இரண்டு பக்கமும் ஓட்டை. சாக்கடை இணைப்பு இல்லாத அல்லது அடைத்துக்கொண்ட கட்டடம் இரவோடிரவாக வடிகாலில் குழாயைச் செருகிவிடும். அதுதான் கூவம். மழைக்காலத்தில் எதிர்த்திசை: தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பிவிடுவார். தண்ணீர் சரசரவென இறங்கும், எல்லாருக்கும் நிம்மதி. அந்தத் தண்ணீரோடு மணலும் இறங்கி உந்து நிலையத்துப் பம்பின் இறக்கைகளைத் தேய்க்கும். வெள்ளம்போல் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீர், அங்கே மாதக்கணக்கில் வளர்த்து வைத்த பாக்டீரியாச் சேற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்று இரண்டு மூன்று வாரம் ஆனாலும் வெளியேறும் நீர் தரத்துக்கு வராமல் திணறுவதற்கு இதுவே காரணம்.

ஒழுங்காகப் பிரிந்து வந்தால் சாக்கடைகூடச் சொத்து. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி., அதாவது நாளைக்கு 4.5 கோடி லிட்டர், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் எதிர்சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) செய்து ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019-இல் வந்தன. கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கு. கோயம்பேடு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

பெரிய அடுக்ககங்களின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் தனித் தலைவலி. கட்டுநர் இருக்கும்வரை ஓடும். சங்கத்தின் கைக்கு வந்ததும் மின் கட்டணம் கண்ணில் படும். இரவு பத்து மணிக்குக் காற்றூதியை அணைத்துவிடுவார்கள். காற்றோட்டத் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் எப்போதும் வேண்டும். ஏழெட்டு மணி நேரம் நிறுத்தினால் பாக்டீரியா மூச்சுத்திணறும். காலையில் நுரையும் கறுப்புச் சேறும் நாற்றமும்தான். தொட்டியில் பழுப்பு நிறமும் மண்வாசனையும் இருந்தால் நன்றாக ஓடுகிறது. கறுத்திருந்தால் யாரோ ஸ்விட்சை அணைத்திருக்கிறார். பிறகு நிலையத்தைப் பூட்டிவிட்டு லாரி கூப்பிடுவார்கள். அந்த லாரி உந்து நிலையத்தில்தான் இறக்குகிறதா, ஏரிக்கரையிலா என்பதை ஜி.பி.எஸ். பதிவும் இறக்கிய ரசீதும் சேர்ந்துதான் சொல்ல முடியும். சங்கத்தார் ரசீது கேட்டு வாங்குவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை போனதும் கலப்பு வகைதான். எண்ணெய் படிந்த ஆலை வளாகத்தின் மழைநீர் வெளிக்கால்வாயோடு தொடர்பில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் தடுப்பெல்லாம் மூழ்கிவிடும். மீனவர்கள் குவளையும் வாளியுமாகப் படகிலிருந்து அள்ளினார்கள். மிதவைத் தடுப்புகள் கழிமுகத்தில் முன்கூட்டியே இருந்திருந்தால், முதல் நாளே பாதியை மடக்கியிருக்கலாம்.

காற்று பற்றிச் சுருக்கமாக: சென்னைக்குக் கடல்காற்று தயவு செய்கிறது, அதை நிர்வாகத்தின் சாதனை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளுக்கான இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். போகி விடியலில் டயர் எரித்தால் அந்த அளவு எங்கோ எகிறிவிடும். மற்ற நாட்களில் மாநகராட்சியின் கையில் இருப்பது பெரும்பாலும் தூசிதான்: கட்டுமான இடத்தைச் சுற்றித் தடுப்பு, மணல் லாரிக்குத் தார்ப்பாய், சாலை ஓர மண்ணை உறிஞ்சும் வண்டி. உறிஞ்சும் வண்டி ஈரமண்ணில் வேலை செய்யாது, நிறுத்திவைத்த காருக்கு அடியிலும் நுழையாது. ஓர மண் அங்கேதான் கிடக்கும்.

புகார் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வழி. ஏப்ரல், மே மாதத்தில், பத்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லாத சமயம், உங்கள் தெரு வடிகால் கால்வாயில் சேரும் வாயைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஓட்டம் கூடி, மதியம் குறைந்தால் வீட்டு இணைப்பு. நாள் முழுக்க ஒரே சீராக இருந்தால் உடைந்த சாக்கடைக் குழாயோ உந்து நிலையத்தின் வழிதலோ. முதலாவதற்கு மாநகராட்சியின் புகார் எண் 1913, இரண்டாவதற்குக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகம். படத்தில் நேரம், வடிகால் வாய் தெரிய வேண்டும். மேல்நோக்கி அடுத்தடுத்த மூடிகளைத் திறந்து பார்க்கச் சொல்லி எழுதுங்கள். எந்த மூடிக்கும் அடுத்த மூடிக்கும் நடுவில் ஓட்டம் தொடங்குகிறதோ, அந்த இடைவெளியில்தான் திருட்டு இணைப்பு இருக்கிறது. ‘துர்நாற்றம் வீசுகிறது’ என்று மட்டும் எழுதினால் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார்கள்.